பிடிமானம் எலும்பில் இருக்கிறது



எழுபதை நெருங்கிய ஓர் அம்மாவின் தோள் தசைநாணைத் தைத்த நாளை நான் மறக்கவில்லை. தசைநாணை எலும்போடு பிணைக்கும் நூல் கோத்த சிறு திருகான ஆங்கரைத் திருகும்போதே கைக்கு எதிர்ப்புத் தெரியவில்லை. வெந்த கிழங்கில் குச்சி இறங்குவதுபோல் இறங்கியது. முடிச்சை இறுக்கினேன். நூலோடு ஆங்கரும் வெளியே வந்துவிட்டது. நூல் அறவில்லை, தசைநாண் கிழியவில்லை, எலும்புதான் கைவிட்டது.

எலும்புப் புரையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாண் கிழிந்த தோளில், அது ஒட்டியிருந்த எலும்பு மேட்டை இழுக்க ஆள் இல்லை. இழுவிசை படாத எலும்பு மெலியும். மேலோடு கெட்டியாகத் தெரியும். அடியிலுள்ள பஞ்செலும்போ அரித்துப் போயிருக்கும். இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுத்த டெக்ஸா எலும்பு அடர்த்தி அளவு இதை முழுதாகச் சொல்லிவிடாது.

ஆகவே பெரிய ஆங்கரைக் கேட்கும் முன் நல்ல இடத்தைத் தேடுங்கள். மேட்டின் மேற்பகுதியில் எலும்பு அடர்த்தி கூடுதல், ஆங்கரின் பிடிப்பும் அங்கே கூடுதல் என்று டிங்கார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் இறந்தோரின் எலும்புகளில் சோதித்துக் காட்டினார்கள். ஆங்கர்களை இரு வரிசையாக வைப்பதானால், உள்வரிசையைக் குருத்தெலும்பின் விளிம்பை ஒட்டி வையுங்கள். வெளிவரிசையை மேட்டுக்குக் கீழே, மேலோடு தடித்த இடத்துக்கு இறக்குங்கள். நாண் ஒட்டவேண்டிய பரப்பை லேசாகச் சுரண்டினால் போதும். மேலோட்டைச் சீவித் தள்ளிவிட்டு ஆங்கர் நிற்கவில்லை என்று புலம்பக்கூடாது.

கோணத்தைப் பற்றி ஒரு சொல். வேலிக் கம்பியை இழுத்துக்கட்ட மண்ணில் புதைக்கும் கட்டையை மனத்தில் கொண்டு, ஆங்கரைச் சாய்த்து 45 பாகையில் செலுத்தச் சொன்னார் தோள் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பர்க்கார்ட், 1995இல். அழகான உவமை. ஆனால் செங்குத்தாக வைத்ததே மேல் என்று காட்டிய சோதனைகளும் பின்னால் வந்தன. சாய்வைவிட இடமே முக்கியம் என்பது என் கட்சி.

அப்படியும் ஆங்கர் ஆடினால்? சுவரில் துளை பெரிதாகிவிட்டால் கொத்தனார் ஆணியோடு ஒரு குச்சியையும் சேர்த்து அடிப்பார். நாமும் பக்கத்தில் இரண்டாவது ஆங்கரை நெருக்கிச் செலுத்தி முதலாவதை இறுக்குகிறோம். அல்லது அதே துளையில் பருமனானதைப் போடுகிறோம். சிமென்ட்டும் பிடிப்பைக் கூட்டும். ஆனால் அக்ரிலிக் சிமென்ட் உறையும்போது சூடாகும், கரையாது, மறு அறுவையில் தொல்லை தரும். கால்சியம் பாஸ்பேட் வகை அந்த வகையில் சாது. எனக்கு இந்தச் சிமென்ட்டுகள் இரண்டும் கடைசி வழி.

இன்று இந்த மேடையில் கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம்: ஆங்கரின் பெயரோடு நிறுத்தாமல், அதை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிடுங்கிக்கொண்டு வந்தவற்றின் படங்களையும் தயங்காமல் காட்டுங்கள்.