மகள் தொல்லியல் படிக்கணும் என்று கேட்டால்...

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் கடன் திருப்புதல், வரவு செலவு, தணிக்கை என்றுதான் நாங்கள் பேசுவோம். இன்றைக்கு ஒரு படிப்பைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதுக்கும் நம்ம குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைக்காதீர்கள். நம் குழுக்களில் பலருடைய பெண் பிள்ளைகள் பி.ஏ. வரலாறு, பி.ஏ. தமிழ் முடிக்கிறார்கள். அவர்களில் சிலர் தொல்லியல், கல்வெட்டு, செம்மொழி இலக்கியம் என்று மேலே படிக்க ஆசைப்படுகிறார்கள். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரிவதில்லை. தெரியாததற்கு "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது சுலபம். நாங்களும் ஒரு தடவை அப்படித்தான் சொல்லிவிட்டோம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

நாங்கள் செய்த தவறு

நம் குழு உறுப்பினர் ஒரு அக்கா. பக்கத்து ஊரில் அகழாய்வு நடந்தபோது தினக்கூலிக்குப் போனார். குழியில் இறங்கி மண் சுரண்டுவது, கூடையில் அள்ளுவது, சல்லடையில் சலிப்பது அவர் வேலை. கல்லூரி விடுமுறையில் மகள் மதியச் சோறு கொண்டுபோவாள். அங்கே குழி ஓரத்தில் உட்கார்ந்து நோட்டில் அளவு எழுதிக்கொண்டிருந்த மாணவிகளைப் பார்த்திருக்கிறாள். "அந்தப் பிள்ளைகள் என்னம்மா படிக்கிறாங்க?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது அந்த ஆசை.

மகளைக் கூட்டிக்கொண்டு அந்த அக்கா எங்களிடம்தான் வந்தார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "எதுக்கும்மா அது? பி.எட். போடு, டீச்சர் வேலைக்குப் போகலாம்" என்றோம். சமூகப்பணி படித்தவர்கள் நாங்கள். பிள்ளை சொன்னதை முழுதாகக் காது கொடுத்துக் கேட்கவில்லை. அப்படியே இரண்டு மாதம் போனது. ஒரு பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவசர அவசரமாக இன்னொரு இடத்துக்கு, டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விண்ணப்பம் போட்டார்கள். கடைக்காரர் தன் போன் நம்பரையும் தன் மெயிலையும் கொடுத்துவிட்டார். நுழைவுத் தேர்வுக்கான அனுமதிச் சீட்டுத் தகவல் அவருக்கு வந்தது. அவருக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் வருகிறார்கள், அவர் பார்க்கவில்லை. தேர்வு முடிந்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் போயே போய்விட்டது.

அந்த ஒரு வருஷத்தில் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பையனுக்கு ஒரு வருஷம் வீணானால் அது ஒரு வருஷம்தான். பெண் பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணானால் படிப்பே நின்றுபோகிறது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

இது என்ன படிப்பு?

தொல்லியல் என்பது மண்ணுக்குள் இருக்கும் பழைய பொருட்களை வைத்து, அந்தக் காலத்து மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டுபிடிக்கும் படிப்பு. கீழடியில் 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தது. 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2023-இல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொடுமணல் எல்லாம் இப்படிப்பட்ட இடங்கள்தான்.

கீழடியில் என்ன கிடைத்தது? பானை, நூல் நூற்கும் தக்களி, பாசிமணி, வட்டுச் சில்லு. எல்லாம் வீட்டுச் சாமான். பானை ஓட்டில் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். "ஆதன்" என்ற பெயர் அதில் உண்டு. அந்த எழுத்தைப் படிக்க ஆள் வேண்டும். சங்க இலக்கியம் தெரிந்த ஆள் வேண்டும். மண்ணடுக்கு தெரிந்த ஆளும் வேண்டும்.

ஆக, இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று தொல்லியல் வழி. இன்னொன்று மொழி வழி, அதாவது தமிழ், கல்வெட்டு, சுவடி படிக்கும் வழி. தமிழை 2004-இல் மத்திய அரசு செம்மொழி என்று அறிவித்தது. ஆனால் 2020-இல் மத்தியத் தொல்லியல் துறையின் கல்வி நிறுவனம் இரண்டு வருட முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வெளியிட்டபோது, தகுதியில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு திருத்தி தமிழையும் மற்றச் செம்மொழிகளையும் சேர்த்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்த பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்தது இப்படித்தான். அறிவிப்பை வரி வரியாகப் படித்தவர்கள் இருந்ததால்தான் இது நடந்தது. நாமும் அறிவிப்பை அப்படிப் படிக்கப் பழக வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. வெளிமாநிலம் என்றால் புனேயில் டெக்கான் கல்லூரி இந்தப் படிப்புக்குப் பேர்போனது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் சென்னையில் உள்ளது. மேலே சொன்ன மத்தியத் தொல்லியல் துறை நிறுவனம் டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. அதற்கு எம்.ஏ. முடித்த பிறகுதான் போட முடியும்.

சில இடங்களில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். சில இடங்களில் வரலாறுதான் வேண்டும் என்பார்கள். வருடா வருடம் மாறும். அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். "சீட்டு வாங்கித் தர்றேன்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

தேதிதான் முக்கியம்

மத்தியப் பல்கலைக்கழகங்களில் முதுகலை சேர 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்தது. அதற்கு விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. தேர்வு மார்ச் மாதம். அதாவது பிள்ளை மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருக்கும்போதே போட வேண்டும். "பரீட்சை முடியட்டும், ரிசல்ட் வரட்டும்" என்று இருந்தால் வண்டி போய்விடும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பம் வரும். கடைசி வருட மாணவிகளும் போடலாம். ரிசல்ட் வந்ததும் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்தால் போதும்.

ஒரே இடத்துக்கு மட்டும் போடாதீர்கள். மூன்று இடமாவது போட வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்று, கல்லூரி மதிப்பெண் பட்டியல்கள் எல்லா செமஸ்டருக்கும், சாதிச் சான்று, அந்த வருடத்து வருமானச் சான்று, ஆதார், பாஸ்புக், போட்டோ. பத்தாம் வகுப்புச் சான்றில் இன்ஷியல் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் இப்போதே இ-சேவை மையத்தில் சரி செய்யுங்கள். கடைசி வாரத்தில் முடியாது.

மதிப்பெண் பட்டியல் போன்ற அசல் சான்றிதழை எந்தக் கல்லூரியும் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் சொல்லிவிட்டது. தைரியமாகக் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. போன் நம்பரும் மெயிலும் பிள்ளையுடையதாகவே இருக்க வேண்டும். கடைக்காரருடையது கூடவே கூடாது. பாஸ்வேர்டை வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

விண்ணப்பக் கட்டணம், தேர்வுக்குப் போய்வரும் செலவு, சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், மெஸ், களப்பயிற்சி முகாம். இத்தனையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் ஆகும் செலவை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 2022-இல் ஆரம்பித்த மாதம் 1000 ரூபாய் திட்டம் முதல் பட்டப் படிப்புக்கானது. முதுகலைக்கு அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கல்வி உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்று எதற்கு என்று இப்போது புரிகிறதா?

சேருகிற வாரத்தில் கையில் பணம் இல்லாமல் கந்து வட்டிக்குப் போகிறோம். ஒரு கணக்குப் பாருங்கள். குழுவில் 10,000 ரூபாய் உள்கடன், 100-க்கு மாதம் 1 ரூபாய் வட்டி. மாதம் 1000 அசல் கட்டினால் பத்து மாதத்துக்கு மொத்த வட்டி 550 ரூபாய். இதையே வெளியே 100-க்கு 10 ரூபாய் வட்டிக்கு வாங்கி இதே மாதிரி கட்டினால் வட்டி 5,500 ரூபாய்! நாம் சேமிக்கிற சந்தா எதற்கு? இதற்குத்தானே. பெரிய தொகை என்றால் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள். பெற்றோர் கூட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலை கிடைக்குமா?

உண்மையைச் சொல்கிறோம். எம்.ஏ. முடித்த மறுநாள் வேலை காத்திருக்காது. இடங்கள் குறைவு. தொல்லியல் துறை, அருங்காட்சியகம், கல்லூரி ஆசிரியர், அகழாய்வுத் திட்டங்களில் தற்காலிகப் பணி என்று வாய்ப்பு உண்டு. யூ.ஜி.சி. நெட் தேர்வில் தொல்லியலும் ஒரு பாடம். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால், 2023-இல் உயர்த்திய அளவில் மாதம் 37,000 ரூபாய். கடினமான தேர்வுதான். ஆனால் அம்மா கூலி வேலை செய்கிறாளா, அப்பா அதிகாரியா என்று அந்தத் தேர்வில் கேட்பதில்லை. பெண்களால் முடியுமா என்றால், தேபலா மித்ரா என்ற அம்மையார் 1980-களின் தொடக்கத்திலேயே மத்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக இருந்தார்.

"வெளியூர்ல கூடாரம் போட்டுத் தங்கணுமாமே, பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்புறது?" என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முகாம் இந்தப் படிப்பில் கட்டாயம் வரும். "பயப்படாதீங்க" என்று வாயால் சொல்லி அனுப்ப மாட்டோம். துறையில் போய் நேராகக் கேட்போம். பெண் ஆசிரியர் கூட வருகிறாரா, தங்குமிடம் எது, கழிப்பறை உண்டா, எத்தனை மாணவிகள், யாருக்குப் போன் செய்வது? பதில் திருப்தியாக இருந்தால் அனுப்புவோம்.

அந்தப் பிள்ளை என்ன ஆனாள்?

மறு வருஷம் மூன்று இடத்துக்குப் போட்டோம். இந்தத் தடவை அவளுடைய நம்பர்தான். ஒரு இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்பார்கள் என்று நாங்கள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னோம். தமிழர் பெருமை, உலகம் அறிய வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தோம். பிள்ளை திக்கித் திக்கி ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "ஏன்டி, நாம ஓடு பொறுக்குனதைச் சொல்லேன்."

என்ன ஓடு? உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு. குழியில் அது நிறையக் கிடைத்தது. "ஏம்மா ரெண்டு நிறம்?" என்று மகள் ஒருநாள் கேட்டிருக்கிறாள். அம்மாவின் பிறந்த ஊரில் குயவர் தெரு உண்டு. "பானையைக் கவுத்து வச்சுச் சுட்டா உள்ள காத்துப் போகாது, அதான் கறுத்துப் போச்சு. வெளிய காத்துப் பட்டுச் சிவந்துச்சு" என்று சொல்லியிருக்கிறார். நேர்முகத்தில் அவள் அதையே சொன்னாள். கேட்டவர்கள், தொல்லியல் ஆட்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் விளக்குகிறார்கள் என்றார்களாம். யாரிடம் கற்றாய் என்றும் கேட்டார்களாம். "எங்கம்மாகிட்ட" என்றாளாம்.

இடம் கிடைத்தது. சேர்க்கைக்குக் குழுதான் உள்கடன் கொடுத்தது. இப்போது முதல் வருடம் படிக்கிறாள். அந்த அக்கா ஒரு தவணை கூடத் தவறவில்லை. மாப்பிள்ளை பேச்சு இரண்டு வருடத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அவர் வீட்டில் பட்ட பாடு தனிக்கதை. அதை அவரே ஒருநாள் இங்கே வந்து சொல்வார்.

நம்மால் முடிந்தது

சகோதரிகளே, படிப்பது பிள்ளையின் வேலை. ஆனால் தேதியைக் கவனிப்பது, சான்றுகளைச் சேர்ப்பது, பணத்தைத் தயார் செய்வது, வீட்டில் பேசுவது, இந்த நாலும் அம்மாவின் வேலை. அம்மாவால் தனியாக முடியாவிட்டால் குழுவின் வேலை. ஆகவே இன்றைக்கு மூன்று தீர்மானம் போடுவோம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு குழுவும் இந்த வருடம் கல்லூரி முடிக்கும் பெண் பிள்ளைகளின் பட்டியலையும், அவர்கள் என்ன படிக்க விரும்புகிறார்கள் என்பதையும் நவம்பர் கூட்டத்துக்குள் எழுதித் தர வேண்டும். அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுத வேண்டும். இரண்டு, மேல்படிப்பு சேர்க்கைக்கு உள்கடனில் முன்னுரிமை. மூன்று, கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் விண்ணப்ப நாள். நாங்கள் கூட இருப்போம்.

இன்னொரு தடவை எங்களிடம் ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, பி.எட். போடு என்று ஆரம்பிக்க மாட்டோம். "என்னம்மா ஆசைப்படுறே?" என்று முதலில் கேட்போம். நீங்களும் கேளுங்கள்.