வேட்டைக்கு இல்லை, வேட்டங்குடிக்கு வாங்க!



"நம்ம சீமையிலே வேட்டைக்குப் போக இடமிருக்கா?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. கண்ணாரப் பார்க்க மட்டும் இடமுண்டு. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் 1977-இல் பறவைகள் சரணாலயமாயின. மழை பெய்து கண்மாய் பெருகினால் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும். குஞ்சுகள் மிரளக்கூடாதென்று அவ்வூர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சட்டம் செய்தது பாதி; மறுபாதி, மத்தாப்போடு மனம் நிறையும் அந்த ஊர்ப் பிள்ளைகள் செய்தது.

கண்மாய் வறண்டால் பறவை வராது. அவரவர் ஊர் வரத்துக்காலைத் தூர்வார நாமும் கைகொடுக்கணும். ஊருக்கு வரும்போது குடும்பத்தோடு ஒரு நடை போய்ப் பாருங்க. ஹாரன் மட்டும் அடிக்காதீங்க!