வீடு யார் பேரில், எந்த வயதில்?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நான் நயினாதீவு ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்க ஊர்ல வீடு எப்படிக் கைமாறுது என்று சில பேர் கேட்டீங்க. புது வீட்டுக்குப் பேர் கொடுக்கிற நேரம் இது. அதனால அதையே பேசுறேன்.

நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, எங்கே போனாலும் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு சீதன உறுதி எழுதிக் கொடுப்பாங்க. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் வந்த தேசவழமைச் சட்டத்திலேயே சீதனத்துக்கு இடமுண்டு. ஆகவே இருபத்தைந்து வயதுப் பெண் வீட்டுக்காரி. அவளுடைய அண்ணன் கொழும்புக் கடையில் நின்று, வாடகை அறையில் நாலைந்து பேரோடு படுத்து, தங்கச்சி வீட்டுக்கு உழைப்பான். ஆனால் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, அவள் தன் வீட்டை விற்கப் புருஷனுடைய எழுத்துச் சம்மதம் வேணும். அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கடைசி மகளையும் கட்டிக் கொடுத்துவிட்டால் தாய் தகப்பன் பேரில் ஒன்றும் மிஞ்சாது. அறுபது வயதில் மகள் வீட்டில் இருப்பாங்க. விவரமானவங்க உறுதியில் ஒரு வரி போடுவிப்பாங்க: 'சீவிய உரித்து'. வீடு மகளுக்கு, ஆனால் கண்மூடும் வரை அதில் இருக்கவும், வளவுத் தென்னை பனையில் பலன் எடுக்கவும் பெற்றோருக்கு உரிமை. மகள் விற்றாலும் வாங்கினவர் அவர்களை எழுப்ப ஏலாது.

1990இல் சண்டையால் தீவுச் சனம் பெருவாரியாக இடம்பெயர்ந்தது. வயசான காலத்தில் முதன்முதலாக வாடகை கொடுத்தவங்களும் உண்டு. இன்று பல வீட்டு உறுதி வெளிநாட்டு மகள் பேரில். வீட்டைக் காவல் காக்கிறது கிழவி. விற்பதென்றால் அற்றோர்ணித் தத்துவம் வர வேணும்.

நம்ம தோட்டத்துக் கதை வேற. லயத்துக் காம்பராவுக்கு வாடகையும் இல்லை, உறுதியும் இல்லை. வேலைதான் வாடகை. வயசு போய் செக்ரோலில் பேர் எடுபட்டால், வீட்டில் வேறொருத்தர் கொழுந்துக்குப் போக வேணும் என்ற பயம். பிள்ளைகளோ கொழும்பில் வாடகை அறையில். 2015இல் ஏழு பேர்ச் காணித் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடு அறிவித்தார். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் இருக்கு. ஆகையால் கடதாசி வரும்போது கவனமாக வாசிக்க வேணும்.

கொழுந்து பறிக்கிறது அம்மா, வீட்டுக்குப் பேர் ஐயாவுக்கு. இது எனக்குச் சரியாகப் படல்ல. இரண்டு பேர் பேரையும் போடச் சொல்லிக் கேளுங்க. பிறகு மகனுக்கோ மகளுக்கோ எழுதுறதென்றால் அவசரப்படாதீங்க. எழுதிக் கொடுத்த நன்கொடையைத் திருப்பி எடுக்கிறது லேசான காரியமல்ல. தேசவழமை நமக்குப் பொருந்தாது. ஆனால் சீவிய உரித்துப் போட அது தேவையுமில்லை, பொதுச் சட்டத்திலேயே இடமுண்டு. நொத்தாரிசிடம் இரண்டு சாட்சியோடு எழுத வேணும். வெறும் தாளில் கைநாட்டு வைத்தால் காணி கைமாறாது. அரசாங்கம் தந்த பத்திரமானால், மாற்ற அனுமதி வேணுமா என்று முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்க.

யாரிடமாவது பத்திரம் இருந்தால் ஒரு போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலையில் என் கந்தோருக்கு வாங்க. யார் பேர் இருக்கு, என்ன நிபந்தனை போட்டிருக்கு என்று வாசித்துச் சொல்றேன்.