அல்லிக்குளமும் புலிக்கூண்டும்

சென்ற விடுமுறையில் என் பேத்தியும் அவளுடைய கல்லூரித் தோழியர் இருவரும் எங்கள் ஆம்பூர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெரிய வழக்கொன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊர் வழக்காயிருக்கும் என்று எண்ணிக் காது கொடுத்தேன். வழக்கு நடந்த இடமோ அமெரிக்கா!

ஃபுளோரிடா மாகாணத்தில், வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1971-ஆம் ஆண்டு திறந்த 'மாஜிக் கிங்டம்' என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. அதனுள்ளே மனிதர் வெட்டிய ஆறு ஒன்று ஓடிற்று. பெரிய துடுப்புச் சக்கரம் பூட்டிய நீராவிப் படகு அந்த ஆற்றில் மெல்லச் சுற்றி வரும். நடுவிலே ஒரு தீவு. அதற்கு மார்க் ட்வெயின் படைத்த சிறுவன் டாம் சாயரின் பெயர். பூங்காவை விரிவாக்கப் போவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2025 ஜூலை 6-ஆம் தேதியோடு ஆறு, படகு, தீவு மூன்றும் விடைபெற்றன. கார்கள் பேசித் திரியும் சித்திரப்படம் ஒன்றைத் தழுவிய புதுப் பகுதிக்கு அவ்விடம் ஒதுக்கப்பட்டது.

பூங்காவின் அன்பர்கள் உடனே இரண்டு கட்சியானார்கள். "அந்தப் படகில் ஏற இப்போது யார் போகிறார்கள்? இடம் வீணாகக் கிடக்கிறது. குழந்தைகள் விரும்புவதைக் கட்டட்டும்" என்றது ஒரு கட்சி. "கூட்டத்திலும் இரைச்சலிலும் களைத்தவன் உட்கார்ந்து மூச்சுவிட அந்த நீர்க்கரை ஒன்றுதானே இருந்தது?" என்றது மற்றது. எங்கள் திண்ணையிலும் அதே இரண்டு கட்சிகள்தாம். தோழியர் இருவரும் ஆற்றுக் கட்சி; என் பேத்தி கார்க் கட்சி. மூவரில் ஒருத்தியும் ஃபுளோரிடாவைக் கண்டதில்லை என்பது வேறு விஷயம்.

"தாத்தா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள் பேத்தி.

மாணவ நண்பர்களே, அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. ஏனெனில், இதே வழக்கை நான் என் வாழ்நாளில் ஒருமுறை நடத்தியிருக்கிறேன். பாதி வென்று, பாதி தோற்றவன் நான்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று எங்கு நோக்கினும் தோல் ஷாப்புகள். அங்கே பதனிட்ட தோல் போய்ச் சேரும் சந்தை, சென்னையிலுள்ள பெரியமேடு. என் தந்தையார் தோல் தரம் பிரிப்பவர். தோலின்மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினாரானால், ஆடு முள்வேலியில் உராய்ந்ததா, உண்ணி கடித்ததா, பட்டினி கிடந்ததா என்று சொல்லிவிடுவார். மண்டிக்காரர்களோடு கணக்குத் தீர்க்கச் சென்னை செல்லும்போது சில வேளைகளில் என்னையும் உடன் அழைத்துச் செல்வார்.

சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளியே வந்து மேற்கே திரும்பினால் மூர் மார்க்கெட். சிவப்புச் செங்கல் வளைவுகளுக்குள்ளே பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டுக் கிளி என்று வாங்க முடியாத பொருள் இல்லை. அதைக் கடந்தால் பீப்பிள்ஸ் பார்க். மரங்கள், அல்லிக்குளம், மிருகக்காட்சிசாலை. இவற்றையெல்லாம் ஊடுருவி நடந்தால் பெரியமேடு வந்துவிடும். என் தந்தைக்கு அது குறுக்குவழி. எனக்கோ அதுதான் சென்னைப் பட்டணம் முழுவதும்.

அந்த மிருகக்காட்சிசாலைக்கும் நம் ஆற்காட்டுக்கும் ஓர் உறவு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், உயிருள்ள விலங்கைக் காண ஜனங்கள் திரண்டு வருவதைக் கண்டார். ஆற்காட்டு நவாபிடம் பேசி, அவர் வளர்த்த விலங்குகளையெல்லாம் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்படி செய்தார். ஆற்காட்டு நவாபு என்பது பட்டம்தான்; அவர் வாழ்ந்தது சேப்பாக்கத்து அரண்மனையில். குலாம் கௌஸ் கான் என்ற அந்தக் கடைசி நவாபு 1855-இல் காலமானார்; கர்நாடக நவாபு என்ற பதவியும் அவரோடு முடிந்தது. அரசு போயிற்று, விலங்குகள் தங்கின! அவை 1863-இல் நகரசபையின் வசம் வந்து, 116 ஏக்கர் பரப்புள்ள பீப்பிள்ஸ் பார்க்கின் ஒரு கோடியில் குடியேறின. தொடக்கத்தில் பார்வைக்குக் கட்டணம்கூட இல்லை.

நான் கண்ட புலி நவாபின் புலியன்று. எத்தனையோ தலைமுறை கடந்து வந்தது. ஊரில் நாள்தோறும் தோலைக் காண்கிற சிறுவனுக்கு, தோலுக்குள்ளே உயிர் நடமாடுவது அளவற்ற வியப்பாயிருந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புலி நாலு எட்டு நடக்கும், திரும்பும். மீண்டும் நாலு எட்டு, மீண்டும் திரும்பும். திரும்பும்போதெல்லாம் அதன் இடப்பக்க விலா கம்பியில் உராய்ந்தது. அந்த இடத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மயிரில்லை.

தந்தையார் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்தத் தோல் மூணாம் ரகம்டா. உள்ளே இருக்கிறதும் அதே மாதிரிதான் தேய்ஞ்சிருக்கும்" என்றார். அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. புலியைக் குறை கூறுகிறார் என்றே எண்ணி வருந்தினேன்.

ஆண்டுகள் ஓடின. ஒருபுறம் ரயில்களின் ஊதல், ஒருபுறம் மோட்டார்களின் ஓசை, நடுவிலே பெருகும் கூட்டம். மிருகக்காட்சிசாலை விரிய ஓரடி நிலமும் இல்லை என்ற நிலை 1970-களில் வந்துவிட்டது. வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கினார்கள். 1985 ஜூலை 24-ஆம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்து வைத்தார்.

விரிவாக்கம் என்றால் இதுவல்லவா விரிவாக்கம்! ஆயினும் நான் மகிழவில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் நடந்துபோய்க் காணக்கூடிய புலியை, 30 கிலோமீட்டர் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களே என்று முணுமுணுத்தேன். வட ஆற்காட்டிலிருந்து குழந்தை குட்டிகளோடு வருகிற ஏழைக்குப் பஸ் கட்டணம் யார் கொடுப்பார் என்று நண்பர்களிடம் வாதாடினேன். வாதம் ஒன்றும் பொய்யன்று. ஆனால் உள்ளத்தின் அடியில் இருந்தது ஏழையின் பஸ் கட்டணமன்று. நான் பிடித்து நின்ற அந்தக் கம்பிதான்.

சில ஆண்டுகள் கழித்து, முதுமையடைந்துவிட்ட தந்தையாரை வண்டலூருக்கு அழைத்துச் சென்றேன். அங்கே புலிக்கும் நமக்கும் நடுவே கம்பி கிடையாது, அகழிதான் உண்டு. ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் 1907-இல் திறந்த விலங்குப் பூங்கா உலகுக்குக் காட்டிய முறை அது. நடந்து நடந்து கால் வலித்ததே தவிர, சில விலங்குகள் எங்கள் கண்ணில் படவே இல்லை. அவை மறைந்துகொள்ள இடம் இருந்தது. காசு கொடுத்து வந்தவர்களில் சிலர் சலித்துக்கொண்டார்கள். கடைசியில் மரநிழலிலிருந்து ஒரு புலி எழுந்து வந்து பக்கவாட்டில் நின்றது. தந்தையார் கையை நெற்றிக்கு மேல் குவித்து அதன் விலாவை மேலும் கீழும் நோக்கினார்.

"முதல் ரகம்" என்றார்.

அன்று என் வழக்கு அந்தப் பாதியில் தள்ளுபடியாயிற்று. பழைய கூண்டின்மேல் நான் வைத்திருந்த அன்பு மெய்யானது. அந்த அன்புக்கு விலையாகத் தன் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது மற்றோர் உயிர். அதைக் கண்ட பிறகும் கூண்டு வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி மற்றப் பாதியைச் சொல்ல வேண்டும். விலங்குகள் போயின, அவை விட்டுச்சென்ற நிலம் என்னவாயிற்று? கூண்டுகளை இடித்து, மரம் வைத்து, மக்கள் அமரும் சோலையாக அதை மீண்டும் ஆக்கியிருக்கலாம். அப்படி நிகழவில்லை. உண்மையில் அந்தப் பூங்காவின் கதையே துண்டு துண்டாக அறுபட்ட கதைதான். கவர்னர் டிரெவெலியன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, நகரத்து மக்கள் உலாவுவதற்கென்றே அதை வகுத்தார்கள். பிறகு விக்டோரியா மண்டபம் ஒரு பக்கம் எழுந்தது. 1913-இல் நகரசபையின் ரிப்பன் மாளிகை வந்தது. விளையாட்டரங்கம் ஒரு பெரும் பகுதியை எடுத்துக்கொண்டது.

நாம் இன்று நினைந்து ஏங்குகிற மூர் மார்க்கெட்டும் அவ்வாறு நுழைந்ததுதான்! பிராட்வேயில் கடைபரப்பியிருந்தவர்களுக்கு இடம் தருவதற்காக, நகரசபைத் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரால் 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறந்தார்கள். அன்று அங்கே உலாவ வந்த கிழவர் எவரேனும், "ஐயோ, பூங்காவைச் சந்தையாக்கிவிட்டார்களே!" என்று கட்டாயம் புலம்பியிருப்பார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சந்தையே உயிராயிற்று. பழமை என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் காக்க வேண்டும் என்பாரிடம் எனக்குள்ள கருத்து வேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது. எந்தப் பழமை? யாருடைய பழமை?

1985 மே 30-ஆம் தேதி மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. வண்டலூர் திறப்பதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஒரே கோடைக்குள் என் இளமையின் இரு கரைகளும் இடிந்தன. மார்க்கெட் இருந்த நிலத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. கடைகளை இழந்த வியாபாரிகளுக்கு வேறிடம் தரவேண்டுமல்லவா? தந்தார்கள். அருகே இருந்த அல்லிக்குளத்தைத் தூர்த்து, அதன்மேல் கட்டடம் கட்டித் தந்தார்கள். அல்லிக்குளம் அங்காடி என்று அதற்குப் பெயர். குளம் போயிற்று, பெயருக்கு மட்டும் வாடகை கேட்பார் இல்லை.

இதைச் சொன்னதும் பேத்தி என்னை விடவில்லை. "அந்த ஸ்டேஷன் வேண்டாமா தாத்தா? தினம் எத்தனை பேர் அதுல வேலைக்குப் போறாங்க? கடைக்காரங்க நடுத்தெருவில நிக்கணுமா?" என்று மடக்கினாள். நியாயமான கேள்வி. நிலையம் வேண்டும். வியாபாரியின் குடும்பமும் பிழைக்க வேண்டும். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலிக்கு இடம் மாற்றியபோது, அதற்காக வாதாட விலங்கியல் அறிந்தவர்கள் இருந்தார்கள். கடைக்காரருக்குச் சங்கம் இருந்தது. ரயிலுக்கு ரயில்வே இருந்தது. குளத்துக்கு எவரும் இல்லை. டிக்கெட் இல்லாமல், வாடகை இல்லாமல், சும்மா கிடந்த நீர் அது. அதன் படியில் அமர்ந்து நானும் தந்தையாரும் ஆம்பூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்றிருக்கிறோம். அதைப் போய் எந்தக் கணக்கில் எழுதுவது? சும்மா கிடப்பதாகக் கருதப்பட்ட அந்தப் பள்ளங்கள் மழைநீரையும் ஏந்தின என்பது பிற்காலத்தில்தான் எனக்கு உறைத்தது. ஐப்பசி அடைமழையில் பெரியமேட்டுத் தெருக்களில் முழங்கால் நீரில் நடந்தவன் நான்.

விலங்குகளை மாற்றியது ஒரு செயல். பூங்காவைத் தின்றது மற்றொரு செயல். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'முன்னேற்றம்' என்று ஒருவரும் 'அழிவு' என்று ஒருவரும் பெயரிட்டுச் சண்டையிட்டோம். கூண்டுக்காக நான் செலவழித்த வாதத்தில் கால் பங்கைக் குளத்துக்காகச் செலவழித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஃபுளோரிடாவின் ஆறு ஒரு வகையில் பேறு பெற்றது. அது மூடப்படுமுன், நீர்க்கரை வேண்டும் என்று சொல்ல ஒரு கட்சியாவது இருந்தது.

"அப்படின்னா நீங்க ஆத்துக் கட்சிதானே?" என்று தோழியரில் ஒருத்தி கைகொட்டினாள்.

"புலியைப் பொறுத்தவரை உன் கட்சி இல்லை அம்மா" என்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பேத்தி சிறுமியாயிருந்தபோது, சென்னைக்கு அழைத்துச் சென்று திரும்புகையில் அந்தப் புறநகர் நிலையத்தருகே நின்றோம். அங்கே மூர் மார்க்கெட்டின் சிறிய உருவ மாதிரி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். வளைவுகள், கூரை எல்லாம் பொம்மை வீடு போல அழகாக இருந்தன. அவளைத் தூக்கிக் காட்டினேன். கிளி விற்ற மூலை எது, புத்தகக் கடை எது என்று விரலால் சுட்டினேன். அவள் அதைச் சுற்றிச் சுற்றி நோக்கிவிட்டு, "நீங்க சோறு சாப்பிட்ட குளம் எங்கே தாத்தா?" என்று கேட்டாள்.

மாதிரியில் குளம் இல்லை. அது இருந்த திசையைக் கைகாட்டினேன். கடைகளின் விளக்குகள் தெரிந்தன. காட்பாடி வழியாகச் செல்லும் எங்கள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.