வெறுங் கட்டமும் முழுப் பெயரும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் ஒருவர் பெயரை எழுதிக்கொள்வதே சிறிது யோசனை வேண்டிய காரியம். வங்காளியர், இந்தி பேசுவோர், தமிழர், தெலுங்கர், நிக்கோபாரிகள் எனப் பலரும் கலந்து வாழும் இடம் அது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கிருந்தோர் 3,80,581 பேர். வங்காளியருக்குக் குடும்பப் பெயர் உண்டு. நம் தமிழருட் பெரும்பாலோர்க்கு அஃது இல்லை. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தமிழர் சிலர், கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டனர். அத்தகைய ஒருவரை, முருகேசன் என்போம், முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்னும் மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நடுவும் கடையும் வெறுங் கட்டங்களாகவே நிற்கும்.

இம் மூன்றையும் சேர்த்து முழுப் பெயராக்குமாறு கணிப்பொறியிடம் சொன்னால் என்ன ஆகும்? கையால் எழுதும் குமாஸ்தா, இல்லாததை விட்டு இருப்பதை எழுதிவிடுவார். பொறிக்கு அந்த இங்கிதம் கிடையாது. எஸ்.கியூ.எல். என்னும் தரவுமொழியின் பொது விதிப்படி, 'அறியப்படாதது' எனக் குறித்த ஒன்றோடு எதனைச் சேர்த்தாலும் விளைவு அறியப்படாததே. முருகேசன் என்னும் பெயர் கண்ணெதிரே இருக்க, முழுப்பெயர்ப் பத்தி வெறுமையாகிவிடும். அதனைக் கொண்டு ஒரு நிவாரணப் பட்டியல் அச்சிட்டால், ஆள் இருப்பார், பெயர் இராது. ஆர் என்னும் மொழியின் போக்கு வேறு. விடுபட்ட இடத்தில் 'என்.ஏ.' என்னும் எழுத்துக்களையே அது ஒட்டிவிடும். எம்.ஏ. போல அதுவும் ஒரு பட்டம் போலும் என்று நாம் மயங்கலாம்!

பரிகாரம் எளிது. எக்செல்லில் டெக்ஸ்ட்ஜாயின் என்னும் கட்டளைக்கு, வெறுங் கட்டங்களைத் தாண்டிச் செல்லுமாறு சொல்ல முடியும். உள்ளவற்றுக்கு இடையே மட்டும் அது இடைவெளி வைக்கும். இல்லையேல், முகவரிகளை இணைக்கும்போது, தெருப்பெயரே இல்லாத சிற்றூர்க்காரருக்கு இரண்டு காற்புள்ளிகள் அடுத்தடுத்து விழும்.

ஆயினும் வெறுமை ஒரே வகை அன்று. முருகேசனுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஆதலால் அக் கட்டம் காலி. வட சென்டினல் தீவு மக்களையோ, 2001இல் 39 பேர் என்றும் 2011இல் 15 பேர் என்றும் தொலைவிலிருந்து கண்டு குறித்தனர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆதலால் அக் கட்டமும் காலி. இரண்டையும் ஒன்றாக்கி இணைத்துவிட்டால், பின்னர்ப் பிரித்தறிய வழியில்லை. எனவே முழுப் பெயரைத் தனியே நான்காம் பத்தியில் எழுதி, பழைய மூன்றையும், 'இல்லை', 'தெரியவில்லை' என்னும் குறிப்போடு, அப்படியே விட்டுவைக்கிறோம்.