எந்த ஜான்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் சிலம்பையும் குறளையும் கேட்டுப் பழகிய உங்களிடம், ஸ்காட்லாந்து நாட்டில் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த ஒரு நெசவாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பொறுத்தருள வேண்டும். இத்தேடலை நாங்களாக மேற்கொள்ளவில்லை. நம் காலனியில், இரயில்வேப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்திய அன்பர் ஒருவர் வாழ்கிறார். அவர் குடும்பத்தின் முதல்வர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து 1790களில் கடல் கடந்து வந்தவர். பெயர் ஜான். குடிப்பெயரைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஸ்மித், பிரவுன், வில்சன் என்பவை போல, அந்நாட்டில் தடுக்கி விழுந்தால் தட்டுப்படும் பெயர் என்று கொள்க. "பழைய ஏடுகளோடு பழகியவர்கள் நீங்கள், உடனிருந்து பாருங்கள்" என்று அன்பர் அழைத்தார். எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை மாலைகள் அவர் வீட்டுத் தாழ்வாரத்திலே கழிந்தன.

முதல் மாலையிலேயே ஓர் ஆபத்து நேர இருந்தது. அன்பரின் உறவினர் ஒருவர், எங்கிருந்தோ ஆயத்தமாகக் கிடைத்த வமிசாவளி ஒன்றைக் கொண்டு வந்தார். அதிலே ஜானுக்குத் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று அடுக்கடுக்காகப் பெயர்கள் ஏறி, உச்சியில் ஒரு குலத்தலைவனே வீற்றிருந்தான்! அதனை அச்சிட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது உறவினரின் அவா. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலே தலைவனின் பெயரை அவன் நிலத்தில் வாழ்ந்த குடிகளும் சூடிக்கொண்டதுண்டு. ஆதலின் ஒரே குடிப்பெயர் ஒரே குருதிக்குச் சான்றாகாது. மெக்கிரகர் என்னும் பெயரையே அரசு 1603-ல் தடை செய்தது. இடையில் நீங்கி மீண்டும் வந்த அத்தடை, 1774-ல் தான் முற்றிலும் ஒழிந்தது. அதுவரை அக்குலத்தார் பலர் வேறு பெயர்களில் ஒளிந்து வாழ்ந்தனர். இவற்றைச் சொன்னதும், "அப்படியானால் அச்சுக்குப் பொறுப்போம்" என்றார் அன்பர். உறவினருக்கு எங்கள்மீது இன்றளவும் வருத்தம் உண்டு.

ஒரே பெயர் ஏன் இத்தனை பேருக்கு? நமக்கு இது வியப்பாக இருத்தலாகாது. மகனுடைய மகனைப் 'பேரன்' என்கிறோமே, அச்சொல் 'பெயரன்' என்பதன் திரிபு அன்றோ? பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஸ்காட்லாந்திலும் இதே வழக்கம் இருந்தது. தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயர். அடுத்தவனுக்குத் தாயின் தந்தை பெயர். மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர். பெண்மக்களில் மூத்தவளுக்குத் தாயின் தாய் பெயர். இரண்டாமவளுக்குத் தந்தையின் தாய் பெயர். ஒரு ஜானுக்கு ஐந்து ஆண்மக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐவரும் தத்தம் தலைமகனுக்கு ஜான் என்றே பெயரிடுவர். பத்தாண்டுக்குள் ஒரே ஊரில், ஒரே குடிப்பெயரோடு ஐந்து ஜான்கள் தவழ்ந்து திரிவார்கள். வடகிழக்குக் கரையின் மீனவர் ஊர்களில் இத்தொல்லை முற்றிப் போய், ஒவ்வொருவருக்கும் ஓர் அடைபெயர் வைத்து, அதனை அலுவலக ஏடுகளிலும் எழுதினார்கள் என்றால் பாருங்கள்.

அங்கே பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதியத் தொடங்கியது 1855-ல் தான். அதற்கு முன் உள்ளவை திருச்சபையின் ஏடுகள். நம் ஊர்க் கிறித்தவ அன்பர்கள் 'பங்கு' என்பார்களே, அத்தகைய ஒவ்வொரு பங்கிலும் ஓர் ஏடு. மிகப் பழையது பெர்த்ஷயரின் எர்ரல் பங்கினது, 1553-ல் தொடங்குகிறது. இன்று ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தார் அவ்வேடுகளின் படங்களை இணையத்திலே காட்டுவதால், நம் காலனித் தாழ்வாரத்திலிருந்தே அவற்றைப் படிக்க முடிந்தது. ஆனால் ஏட்டில் இல்லாதவர் பிறக்கவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஏடெழுதியவர் சோம்பியிருக்கலாம்; தாள்கள் அழிந்திருக்கலாம். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி விதிக்கவே, பலர் பதியாமலே இருந்துவிட்டனர். 1733-லும் 1761-லும் திருச்சபையிலிருந்து பிரிந்து போனவர்களின் பிள்ளைகள் பங்கின் ஏட்டிலே காணப்படாமல் போவதும் உண்டு.

நம் ஜானைப் பற்றிப் படைப் பதிவு ஒன்று மூன்று செய்திகளைத் தந்தது. ஊர், ஃபைஃப் பகுதியின் டன்ஃபர்ம்லின்; தொழில் நெசவு; சேர்ந்தபோது வயது இருபத்தொன்று. டன்ஃபர்ம்லின் பூவேலை லினன் துணிக்குப் பேர்போன ஊர். நெசவாளர் என்பதால் ஒருவரைத் தனியே பிரித்தெடுக்க இயலாது. ஏட்டைப் புரட்டினோம். ஏற்ற ஆண்டுகளுக்குள் ஆறு ஜான்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள்!

இனி என் செய்வது? பெயரை விட்டுவிட்டு, பெயரைச் சுற்றியிருந்த மனிதர்களைப் பார்த்தோம். அந்நாட்டு ஏடுகளில் ஒரு பேருதவி உண்டு. மணமான பின்னும் பெண் தன் பிறந்த குடிப்பெயராலேயே குறிக்கப்படுவாள். எனவே ஆறு ஜான்களுக்கும் ஆறு தாயரைப் பிரித்து எழுத முயன்றோம். ஐவரே தேறினர். ஒரே தாய் தந்தையர்க்கு மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு ஜான்கள்! மூத்த குழந்தை இறந்துபோக, அதன் பெயரை அடுத்த குழந்தைக்கு இட்டிருக்க வேண்டும். ஏட்டின் இரு வரிகளுக்கிடையே, எழுதப்படாத ஒரு சின்னச் சவக்குழி. அன்று மேலே படிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எஞ்சிய ஐவரில் மூவர் ஊரிலேயே மணமுடித்து, 1790களில் தம் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்வித்திருக்கிறார்கள். அப்போது நம்மவர் சென்னையில் இருந்தார். ஊரில் இருந்தவர்கள் நம்மவராக முடியாது. ஏட்டிலிருந்து மறைந்து போனவரே நமக்கு வேண்டும். இப்படியாக இருவர் மிஞ்சினர். ஒருவரின் தாய் மார்கரெட். மற்றவரின் தாய் ஜேனட்.

சென்னையில் நம் ஜானுக்குப் பிறந்த பெண்மக்கள் இருவர். மூத்தவள் மார்கரெட், இளையவள் ஜேனட்! வழக்கப்படி இரண்டாமவளுக்கே தந்தையின் தாய் பெயர் வரவேண்டும். ஆதலின் ஜேனட்டின் மகனே நம்மவர் என்று ஒருவர் வாதிட்டார். மற்றொருவர் மறுத்தார். ஜான் மணந்தவர் தமிழ்நாட்டுப் பெண். மூத்தவளுக்கு அவர் தாயின் தமிழ்ப்பெயரை இடாமல், தன் தாயின் பெயரையே முதலில் இட்டிருக்கக் கூடுமே? காப்பி ஆறிப் போயிற்று, வழக்கு தீரவில்லை. பெயரிடும் முறை ஒரு பழக்கமேயன்றிச் சட்டமன்று. குறிப்புக் காட்டும், தீர்ப்புச் சொல்லாது. மேலும், டன்ஃபர்ம்லின் பிரிவினைச் சபைகள் வேரூன்றிய ஊர். பங்கின் ஏட்டில் ஏறாத ஏழாவது ஜான் ஒருவர் இல்லை என்று யார் உறுதி கூறுவர்?

அப்போதுதான் எங்களுக்கு இன்னொன்று உறைத்தது. அந்தத் தமிழ்ப் பெண் யார்? சென்னைப் பதிவில் அவர் ஞானஸ்நானப் பெயர் ஒன்றே இருக்கிறது. தந்தை பெயரில்லை, ஊரில்லை, பிறந்த வீட்டில் அவரை எப்படி அழைத்தார்கள் என்பதும் இல்லை. ஜானின் தாய்க்கு முழுப்பெயர் எழுதி வைத்த ஏடு உண்டு. ஜானின் மனைவிக்கு இல்லை. ஆறு ஜான்களுக்கு எட்டு மாதம் செலவிட்ட நாங்கள், நம் மண்ணின் மகளுக்கு ஒரு மாலையும் செலவிட வழியின்றி நின்றோம்.

அன்பர் வமிசாவளியை அச்சிட்டுவிட்டார். ஜானின் பெற்றோர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக உள்ளது. அடியிலே இரண்டு தாய்மாரின் பெயர்களையும் கேள்விக்குறியோடு குறித்திருக்கிறார். மனைவியின் பெயருக்கு மேலும் ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறார். உறவினருக்காகக் குலத்தலைவனைச் சேர்க்க அவர் இசையவில்லை.

வேலை முடிந்த நாளில் அன்பர் எங்களைப் பார்த்து, "உங்கள் கொள்ளுத்தாத்தாக்களின் பெயர் என்ன?" என்றார். தாத்தாவின் பெயரை எல்லோரும் சொன்னோம். நாங்களே தாங்கி நிற்கும் பெயராயிற்றே! அதற்கு மேல் ஒருவருக்கும் நா எழவில்லை. அன்றிரவே எங்களுள் ஒருவர் ஊரிலுள்ள அத்தையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். அத்தை சிரித்துவிட்டார்களாம். "உன் பேரேதாண்டா அவருக்கும். அந்தக் காலத்திலே ஊரிலே அந்தப் பேருக்கு ஏழு பேர் இருந்தாங்க. நம்மவர் கிணற்றடி வீட்டார்."