பழைய கருவிக்குப் புதிய கண்



பெங்களூரில் தொழில் புரிந்துகொண்டு, தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ உள்ள நாலைந்து ஏக்கர் நிலத்தை உடன்பிறந்தாரிடம் ஒப்படைத்திருக்கும் தமிழர் பலர். அவர்கள் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்றை இன்று எடுத்துக்கொள்கிறேன். பழைய விதைப்புக் கருவியையும் அறுவடை இயந்திரத்தையும் தள்ளிவிடாமல், அவற்றிலேயே சிறு மின்னணுக் கருவிகளைப் பொருத்திக் கண்காணிப்பது பற்றியது அது.

கன்னட நாட்டில் கேழ்வரகு விதைக்கும் கூரிகே மிகத் தொன்மையானது. 1800-இல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அதைத் தம் நூலில் விவரித்திருக்கிறார். மரக் கிண்ணத்தில் இடும் விதை, மூங்கில் குழாய்களின் வழியே இறங்கிப் பல சால்களில் ஒரே சமயத்தில் விழும். ஒரு குழாய் அடைபட்டாலோ, முளை வரும் நாளில்தான் அந்தச் சால் வெறுமையாகக் கிடப்பது தெரியும். அதற்குள் மழையின் ஈரம் போய்விடும். டிராக்டர் இழுக்கும் விதைப்புக் கருவியிலும் குறை இதுவே. ஓட்டுநரின் பார்வை முன்னே, விதை விழுவது பின்னே.

இக்குறைக்குக் கண்டறிந்த வழி எளிது. ஒவ்வொரு குழாயிலும் ஒருபுறம் ஒளி உமிழும் சிறு விளக்கு, மறுபுறம் அதை உணரும் கருவி. விதை ஒளியை மறைக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு. ஓட்டம் நின்றால் ஓட்டுநர் அருகே மணி ஒலிக்கும். மக்காச்சோளம் போன்ற பெரிய விதையை ஒவ்வொன்றாக எண்ணலாம். கேழ்வரகு போன்ற பொடி விதையில் ஓட்டம் உண்டா இல்லையா என்று அறிவதே பெரும்பயன்.

அறுவடை இயந்திரத்திலோ, மேலேற்றப்படும் தானியம் ஒரு தகட்டில் மோதும் விசையைக் கொண்டு விளைச்சல் கணிக்கப்படுகிறது. இத்தகைய கருவி அமெரிக்காவில் 1992-இல் விற்பனைக்கு வந்தது. செயற்கைக்கோள் தரும் இடக்குறிப்பும் ஈரப்பத அளவும் சேர்ந்தால், வயலின் எந்த மூலை எவ்வளவு கொடுத்தது என்ற படமே கிடைத்துவிடும். இடமறியும் இப்பணிக்கென்றே, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்ரோ நிறுவனம் 2013 முதல் நாவிக் செயற்கைக்கோள்களை ஏவியது.

நம் சிறு நிலங்களுக்கு இது தகுமா என்று கேட்கலாம். 2015-16 வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு குடியானவரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேரே. ஆகவே தனி உழவர் இதை வாங்குவது வீண் செலவு. ஊர் ஊராகச் சென்று வாடகைக்கு ஓடும் இயந்திரத்தில் பொருத்தினால், அச்செலவு நூறு வயல்களில் பகிர்ந்துபோகும்.

இரண்டு எச்சரிக்கைகள் கூறவேண்டும். புழுதி படிந்த கண் பொய் சொல்லும், நாள்தோறும் துடைக்கவேண்டும். விளைச்சல் காட்டும் கருவியையும் பயிருக்குப் பயிர் எடைமேடையோடு ஒப்பிட்டுச் சரிசெய்யவேண்டும். மேலும், தேய்ந்த விதைத்தட்டை எந்தக் கருவியும் புதிதாக்காது. கருவி குறையைக் காட்டும்; தீர்ப்பது மனிதர் கையே.

இன்னொன்று. விளைச்சல் கணக்கு இயந்திரக்காரரின் பெட்டியிலேயே தங்கிவிட்டால் நிலத்துக்குப் பயனில்லை. வாடகை பேசும்போதே அதன் படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தொலைவிலிருந்து நிலத்தைப் பேணுவோர்க்கு, மெலிந்த மூலைக்கு எருவிடவும் வளமான பகுதியில் உரத்தைக் குறைக்கவும் அதுவே வழிகாட்டும். உடன்பிறந்தாரிடையே கணக்கைப் பற்றிய மனக்கசப்பும் வராது.